ஒன்றை மட்டும் அசைக்கும் வரைபடம்

செம்பனைத் தோட்டத்துக் கணக்கில் ஒரு மாதம் ஒரே வரியில் அடங்கிவிடும். எந்தப் பிளாக்கில் எத்தனை டன் குலை வெட்டினார்கள், எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது, எவ்வளவு உரம் போட்டார்கள் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். இருபது ஆண்டுக் கணக்கை அடுக்கினால் ஒரு பிளாக்குக்கே 240 வரி வரும். அத்தனை எண்களையும் வரிவரியாகப் படித்துப் போக்கைக் கண்டுபிடிப்பது அரிது. கோடாக வரைந்து கொடுத்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், ரந்தாவ், கோலப்பிலா, பகாவ் பக்கத்துத் தோட்டங்களின் மழையையும் விளைச்சலையும் அப்படி வரைந்து கொடுப்பதே என் தொழில். இன்றைய மென்பொருளில் வரைபடம் தாளில் உறைந்து கிடக்க வேண்டியதில்லை. தொட்டால் விரியும், இழுத்தால் நகரும், கேட்டால் எண்ணைச் சொல்லும். எது அசையலாம், எது அசையவே கூடாது என்று தீர்மானிப்பதில்தான் இத்தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது.

நான் அதிகம் கையாளும் மென்பொருள் மேட்பிளாட்லிப். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இந்தத் தொகுப்பை உருவாக்கியவர் ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் பதிவான மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அதிலிருந்துதான் 2003-இல் மேட்பிளாட்லிப் வெளிவந்தது. மணிக்கணக்கில் நீளும் அலையில் ஒரு சில நொடிகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், பக்கத்து அலையோடு ஒப்பிட வேண்டும், மறுபடி முழுவதையும் பார்க்க வேண்டும். ஆகவே ஊடாட்டம் இந்த மென்பொருளுக்குப் பின்னால் பூட்டிய அணிகலன் அன்று. பார்ப்பவரின் தேவையிலிருந்தே பிறந்தது. ஹன்டர் 2012-இல் மறைந்தார். அவர் எல்லார்க்கும் இலவசமாக விட்டுச்சென்ற கருவியில் நாள்தோறும் வேலை செய்யும் நான் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

அசைவுக்கு முன்னால் அமைப்பு. மென்பொருள் தானாகத் தரும் வரைபடம் உலகத்தில் உள்ள எல்லாத் தரவுக்கும் பொதுவானது. நம் தரவுக்கு அதைப் பொருத்துவது நம் பொறுப்பு. மலேசியாவில் செம்பனைக் குலையின் சராசரி விளைச்சல் 2015-இல் ஹெக்டருக்கு 18.48 டன். எல் நினோ வறட்சியின் அடி விழுந்த 2016-இல் அது 15.91 டன்னாக இறங்கியது. இறக்கம் ஏறத்தாழ 14 விழுக்காடு. இவ்விரு எண்களையும் பட்டை வரைபடமாக வரைந்து, செங்குத்து அச்சை 15-இல் தொடங்கிப் பாருங்கள்: 2016-இன் பட்டை 2015-இன் பட்டையில் கால்வாசிதான் இருக்கும். விளைச்சலே அழிந்துபோனதாக நிர்வாகி பதறுவார். பட்டையின் நீளம்தான் அளவு என்பதால் பட்டை வரைபடத்தின் அச்சைச் சுழியத்திலிருந்தே தொடங்குகிறேன். கோட்டு வரைபடத்தில் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. அங்கே அச்சைச் சுருக்கலாம், ஆனால் சுருக்கியதை அச்சின் எண்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நிறமும் இப்படித்தான். பிளாக்குகளை மேலிருந்து கீழாகவும் மாதங்களை இடமிருந்து வலமாகவும் அடுக்கி, விளைச்சலை நிறமாக நிரப்பும் கட்ட வரைபடம் தோட்டத்துக்கு மிகவும் பயன்படும். மேட்பிளாட்லிப்பில் பல காலம் ‘ஜெட்’ என்ற வானவில் வரிசைதான் இயல்பாக வந்தது. அதில் மஞ்சளும் வெளிர்நீலமும் மட்டும் பளிச்சென்று துருத்தும்; தரவில் இல்லாத எல்லைக்கோடுகள் கண்ணில் படும். நத்தானியல் ஸ்மித், ஸ்டீபன் வான் டெர் வால்ட் ஆகியோர் உருவாக்கிய ‘விரிடிஸ்’ வரிசை 2.0 பதிப்பு முதல் அந்த இடத்தைப் பிடித்தது. கரு ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளுக்குப் போகும் அந்த வரிசையில் எண் கூடக்கூட வெளிச்சமும் சீராகக் கூடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியும், கருப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் புரியும். தோட்ட அலுவலகத்து அச்சுப்பொறியில் வண்ண மை எப்போதும் இருக்காது என்பதால் இந்தக் கடைசிக் குணம் எனக்கு மிக முக்கியம்.

குறிவிளக்கப் பெட்டியைக் கூடுமானவரை தவிர்த்து, கோட்டின் முனையிலேயே பிளாக்கின் பெயரை எழுதிவிடுகிறேன். கண் பெட்டிக்கும் கோட்டுக்கும் நடுவே அலைய வேண்டாம். ரப்பர் விளைச்சலாக இருந்தால், ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்க்கும் காலத்தை மெல்லிய சாம்பல் பட்டையாகப் பின்னால் தீட்டிவிடுகிறேன். பால் குறைந்ததற்கு வெட்டுக்காரர்களைக் குறை சொல்ல ஒருவர் வாயெடுக்கும் முன்பே வரைபடம் காரணத்தைச் சொல்லிவிடும். எழுத்தளவு, கோட்டின் தடிமன், நிறவரிசை ஆகியவற்றை ஒரு பாணிக்கோப்பில் எழுதி வைத்தால் எல்லா வரைபடங்களும் ஒரே தோற்றத்தில் வரும். போன மாதத்துப் படத்தையும் இந்த மாதத்துப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், தோற்ற மாற்றத்தைத் தரவின் மாற்றமாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து அப்போது நீங்குகிறது.

இனி அசைவு. இதற்கு எனக்கு வழிகாட்டி நெகிரி செம்பிலானிலேயே நடந்த ஒரு பரிசோதனை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் மலாயாவில் பெருந்தொகையானவர்களைக் கொன்றது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்று போவார்கள். நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவரான லெனார்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களிடம் நோய் மிகுதி. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அது அரிது. 1907-இல் அதை நூலாகவே எழுதினார். ஆனால் இரு சாராரும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? வேலை வேறு, குடியிருப்பு வேறு, குழம்பும் கறியும் வேறு. இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினால் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி எதனால் வந்தது என்று தெரியாது. கெட்டுப்போன வெள்ளையரிசியில் உண்டாகும் நஞ்சே காரணம் என்று பிராடன் கருதினார். அரிசியைச் சரியாகச் சுட்டியவர் காரணத்தில் தவறினார்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும் ஜெலுபு பக்கத்து டுரியான் திப்பூஸ் காட்டுக்குப் போனார்கள். அங்கே சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார்கள். சில மாதங்களில் வெள்ளையரிசி அணியில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கலரிசி கொடுத்ததும் புதிதாக யாருக்கும் நோய் வரவில்லை. பிறகு அரிசியை இடம் மாற்றினார்கள். அதுவரை நலமாக இருந்த அணி வெள்ளையரிசிக்கு மாறியது. அங்கேயும் பெரிபெரி வந்தது. ஆட்கள் அவர்களே, வேலை அதே, காடும் அதே. மாறியது அரிசி மட்டும். ‘லான்செட்’ இதழ் 1909-இல் அவர்கள் முடிவை வெளியிட்டது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, வெறுமனே தீட்டினால் தவிட்டோடு போய்விடுகிறது என்பது பின்னால் தெளிவானது. அந்தச் சத்தைத்தான் இன்று தயமின் என்கிறோம். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட கூலிகளின் உடல்நோவில் கிடைத்த அறிவு அது. அதை எடுத்துப் பேசுகிறவர் அவர்களை மறக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அசைக்காதே. திரையில் நான் வைக்கும் ஒவ்வொரு பொத்தானையும் இந்த விதியால்தான் சோதிக்கிறேன்.

எடுத்துக்காட்டாக, பிளாட்லி மென்பொருளில் குறிவிளக்கத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அந்தக் கோடு மறையும். நல்ல வசதி. ஆனால் இயல்பு அமைப்பில், கோடு மறைந்ததும் எஞ்சியவற்றுக்கு ஏற்ப அச்சின் அளவும் மாறிவிடும். நன்றாக விளைந்த பிளாக்கை மறைத்தால், மோசமான பிளாக்கின் கோடு சரசரவென்று மேலேறி இடத்தை நிரப்பும். பார்ப்பவர் மாற்றியது ஒன்று, திரையில் மாறியது இரண்டு. ஆகவே அச்சின் எல்லையை எண்ணாக எழுதிப் பூட்டிவிடுகிறேன். இப்போது எந்தக் கோடு மறைந்தாலும் மற்றவை தம் இடத்திலேயே நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த அசைவு மழைக்கும் விளைச்சலுக்கும் இடையிலான காலத் தாமதத்தைக் காட்டும் ஸ்லைடர். செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணாகுமா பெண்ணாகுமா என்பது அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டாண்டு முன்பே முடிவாகிறது. வறட்சி வாட்டினால் ஆண் பூக்கள் பெருகும், குலை குறையும். அறுவடைக்கு ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் இளம் பூங்கொத்துகள் கருகுவதும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் மழை குறைந்த பகுதி என்று பெயர்பெற்ற ஜெலுபு, கோலப்பிலா வட்டாரத்தில் இந்த உறவைப் புரிந்துகொள்வது தோட்டத்தின் பிழைப்பு. இந்த மாதத்து மழையையும் இந்த மாதத்து விளைச்சலையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. மழைக் கோட்டை மட்டும் மாதம் மாதமாக வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்படித் தள்ளும்போது ஏதாவது ஓரிடத்தில் மழைப் பள்ளமும் விளைச்சல் பள்ளமும் நேருக்கு நேர் வந்து நிற்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்கிறேன். மழைக்கும் விளைச்சலுக்கும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு அச்சு வைத்து ஒரே படத்தில் வரைந்தால், அச்சுகளை இழுத்து எந்த இரண்டு கோட்டையும் ஒத்துப்போக வைத்துவிடலாம். அதனால் மேலே மழை, கீழே விளைச்சல் என இரு கட்டங்களாகப் பிரித்து, கால அச்சை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்குகிறேன்; சுட்டி போகுமிடமெல்லாம் இரு கட்டங்களையும் ஊடுருவி ஒரு செங்குத்துக்கோடு கூடவே வரும். அடுத்தது, முப்பது இடங்களில் நிறுத்தக்கூடிய ஸ்லைடரில் ஏதாவது ஓரிடத்தில் தற்செயலாகவே பொருத்தம் கிடைத்துவிடும். மரத்தின் இயல்புப்படி பொருள் உள்ள மாதங்களை ஸ்லைடரின் மேலேயே நிறமிட்டுக் காட்டிவிட்டால், வாசகர் தேடலாம், ஏமாற மாட்டார்.

மேட்பிளாட்லிப்பில் ஸ்லைடர் வைக்கும் புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. ஸ்லைடரை உருவாக்கும் வரி ஒரு செயற்கூறுக்குள் இருந்தால் அதை ஒரு மாறியில் பிடித்து வெளியே கொண்டுவந்து வைத்திருங்கள். பிடிக்காவிட்டால் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து கழித்துவிடும். திரையில் படம் மட்டும் இருக்கும், இழுத்தால் அசையாது. புள்ளியைத் தொட்டால் விவரம் வர வேண்டுமானால், எவ்வளவு அருகே தொட்டால் போதும் என்ற அளவைத் தாராளமாக வையுங்கள். தோட்டத்தில் வரைபடத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கைபேசியில். வேலை செய்து காய்த்த விரலுக்குச் சிறு புள்ளி சிக்காது. சுட்டியை மேலே கொண்டுபோனால் தெரியும் விவரம் கைபேசியில் தட்டினால்தான் தெரியும். எனவே முக்கியமான செய்தி எதையும் அங்கே ஒளித்து வைப்பதில்லை. தொடாமலேயே வரைபடம் தன் தலையாய செய்தியைச் சொல்லிவிட வேண்டும். தொட்டவருக்கு மேற்கொண்டு விவரம் கிடைக்க வேண்டும்.

தமிழில் பெயரிடுவதற்குத் தனி உழைப்பு வேண்டும். மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. வெறும் கட்டங்கள்தான் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை இட்டாலும் சிக்கல் முழுதாகத் தீருவதில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வர வேண்டியவை. எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் திறன் நெடுங்காலம் இந்த மென்பொருளில் இல்லாததால் அவை பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். நான் எஸ்விஜி வடிவில், எழுத்தை எழுத்தாகவே விட்டுவிடும் அமைப்பில் சேமிக்கிறேன். உலாவி அதைத் திறக்கும்போது கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பிளாட்லி உலாவியிலேயே இயங்குவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதி வைத்துக்கொண்டால், ஒரே நிரலிலிருந்து இரு மொழிப் படமும் கிடைக்கும். இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் மலாய்ப் படம் கட்டாயம் வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் கவனம் தேவை. பிளாட்லி படத்தை ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமிக்கும்போது, அதற்குரிய நிரலையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். கோப்பு சில மெகாபைட் பெருக்கும். ஆனால் இணையத் தொடர்பே கிடைக்காத காட்டுக்குள்ளும் திறக்கும். வெட்டிய குலையின் முன்னால் நின்றுகொண்டே மேற்பார்வை செய்யும் மண்டோர் தம் பிளாக்கைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

அப்படிப் பார்ப்பவர்கள் கொடுக்கும் பதில்தான் எனக்குப் பெரிய பேறு. “இந்த மாசம் கீழே போனது மரத்தால இல்லைங்க. வெள்ளம் ஏறி லோரி உள்ள வர முடியல. வெட்டாம நின்ன குலையையும் சேர்த்து அடுத்த மாசம் வெட்டுனோம், அதான் அங்க மேல போகுது” என்று ஒருவர் சொன்னால், மழையால் விளைச்சல் குறைந்ததாக நான் வாசித்திருக்கக்கூடிய பள்ளம் வெறும் அறுவடைத் தாமதம் என்று தெரிகிறது. எந்த மென்பொருளும் அதை எனக்குச் சொல்லியிருக்காது. அந்தச் செய்தியை அதே மாதத்தின் மேல் குறிப்பாக எழுதி, அவ்விரு மாதங்களையும் வேறு நிறத்தில் காட்டி, படத்தை மறுபடி வரைந்து அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். வரைபடத்தை அசைய வைப்பதற்கு நான் செலவிடும் உழைப்பெல்லாம், மரத்தை அறிந்தவர் கணக்கைத் திருத்த ஒரு வழி திறப்பதற்காகத்தான்.