தாண்டிக்குடிக்கு ஓர் அங்குல மழை

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும் என்று, மார்ச் பிறந்துவிட்டால் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்திலிருந்து அடிக்கடி ஓர் அறிவிப்பு வரும். சமவெளிக்காரர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நாளைக்கு வெயில் எத்தனை டிகிரி என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி வட்டாரத்தில், அந்த ஒரு வரியை நின்று கேட்பார்கள். காரணம் காப்பி.

அந்த வரி மலையில் என்னவாக மாறுகிறது என்று பார்க்கத்தான் மார்ச் கடைசியில் வத்தலக்குண்டில் பேருந்து ஏறினேன். பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு பக்கமெல்லாம் தென்னந்தோப்பு. நிழல் இருந்தும் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஏற்றம் தொடங்கிக் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முனகி முனகித் திரும்ப, பெரும்பாறை வருவதற்குள் காற்றின் குணமே மாறிவிட்டது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்று படித்திருப்போம். இந்தப் பாதையில் அது முகத்தில் தெரியும்.

முன் இருக்கையில் ரேஷன் பையை மடியில் வைத்திருந்த அக்கா நடத்துநரிடம் டிக்கெட் வாங்கியதுமே கேட்டது மழையைத்தான்.

"மேல மழை உண்டாண்ணே?"

"கே.சி.பட்டியில நேத்து நல்ல மழையாம். தாண்டிக்குடியில தூத்தலோட சரி."

தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். இரண்டுக்கும் இடைப்பட்ட சாலையின் இருபுறமும் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும் பலாவும் நிழல் தர, அடியில் காப்பி. மரங்களில் மிளகுக் கொடி. ஊடே மலைவாழை. செடிகளின் இலை துவண்டு கிடந்தது. கிளையைப் பிடித்துப் பார்த்தால் கணுவுக்குக் கணு பச்சை மொட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நெல்மணி அளவுகூட இல்லை.

அந்த மொட்டுகள் அப்படியே நிற்பதுதான் விஷயம். மழைக்காலம் முடிந்த கையோடு கட்டிய மொட்டு, வறட்சி வந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். சில வாரம் காய வேண்டும். பிறகு ஒரு நல்ல மழை விழ வேண்டும். விழுந்தால் எட்டு முதல் பத்து நாளில் மலைச்சரிவு முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த மழைக்கு இங்கே பெயரே பூ மழை. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வந்து பிஞ்சைப் பிடித்து நிறுத்த வேண்டும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிக்கப்போகும் பழத்தின் கதை இந்த இரண்டு மழையில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

எவ்வளவு மழை? ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் மட்டும் விழுந்தால் அது வராமலே இருந்திருக்கலாம். மொட்டை எழுப்பிவிடும், விரியவிடாது. பாதியில் நின்ற மொட்டு வெயிலில் கருகிப்போகும், அல்லது காய் பிடிக்காத குறைப்பூவாகும்.

இப்போது அந்த அறிவிப்பைத் திரும்பப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை லேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை. ஆக, "லேசானது முதல் மிதமான" என்ற வீச்சுக்குள் காப்பியைக் கெடுக்கும் மழையும் இருக்கிறது, காப்பாற்றும் மழையும் இருக்கிறது. "ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் மழை இருக்காது என்று பொருள். அறிவிப்பில் தவறில்லை. ஆனால் தாண்டிக்குடிக்காரருக்கு வேண்டிய கேள்வி வேறு: என் சரிவில் எத்தனை?

தங்கியது நண்பனின் பெரியப்பா தோட்டத்தில். எனக்கும் அவர் பெரியப்பாதான். வீட்டுக்கு முன்னால் காப்பி உலர்த்தும் களம், களத்தை அடுத்து மரநிழல் விழாத ஒரு திறந்த இடத்தில் சிறு கம்பி வேலி. உள்ளே மழைமானி: வாய் அகன்ற புனல், அடியில் நீர் சேரும் பாத்திரம். காலை எட்டரைக்கு அதை எடுத்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக் குறிப்பார். தோட்டக்காரர்களின் அளவு இன்னும் அங்குலமும் சென்ட்டும்தான். நூறு சென்ட் ஓர் அங்குலம். அவருடைய அப்பா காலத்திலிருந்து நீளமான கணக்கு நோட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். மார்ச் மாதத்தில் வரிசையாகச் சுழியம், சுழியம், சுழியம். பிறகு நீல மையில் 1.10. அதற்கு ஒன்பதாவது வரியில், சிவப்பு மையில் "பூ" என்று ஒரே எழுத்து.

"எங்கப்பா வேற எதுக்கும் செவப்பு மையைத் தொட மாட்டாரு தம்பி" என்றார்.

பிற்பகலில் வானம் வேலையைத் தொடங்கியது. காலையிலிருந்து வெயில் பட்டுச் சூடான சரிவுகள் காற்றை மேலே இழுக்கின்றன. பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று ஏறுகிறது. கிழக்கே வங்கக் கடல் காற்றும் மேற்கே அரபிக் கடல் காற்றும் தீபகற்பத்தின் மேல் சந்திக்கும் காலம் இது. நாம் செய்தியில் கேட்கும் "வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி" சேர்ந்துகொண்டால் ஈரத்துக்குக் குறைவில்லை. மேகம் பத்து கிலோமீட்டருக்கு மேல் கோபுரமாக வளரும். ஆனால் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு முறை, நாட்டை 6 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கிறது. அதற்கு முன் 12 கிலோமீட்டர். பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஒரு கட்டத்துக்குள் இங்கே இரண்டு மூன்று மலைமுகடுகள் அடங்கிவிடும். எந்த முகட்டில் மேகம் உடையும் என்று முதல் நாளே சொல்ல எவராலும் முடியாது.

முன்கணிப்பு கைகொடுக்கும் இடமும் உண்டு. மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் கைபேசியைப் பார்த்து, "மின்னல் கிட்டக்க காட்டுது, வாங்கடி" என்று சத்தம் கொடுத்தார். புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி அது. சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலைக் காட்டி எச்சரிக்கும். உயரமான சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான வானிலைச் செய்தி கிடையாது. எல்லோரும் காப்பிப்பழம் அரைக்கும் கொட்டகைக்குள் வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் முதல் இடி.

பெரியப்பா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். "பண்ணைக்காட்டுப் பக்கம் கறுத்தா அங்கிட்டே இறக்கிட்டுப் போயிரும். இன்னைக்குக் கிழக்க ஏறுது, பார்ப்போம்." பெரிய பெரிய துளியாகத் தகரத்தில் அறையத் தொடங்கி, சற்று நேரத்தில் எதிர்ச்சரிவே தெரியவில்லை. யாரும் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது. மழை விட்டபோது களத்தில் ஓடிய செம்மண் நீரை ஒரு பெரியவர் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை குவளையில் 92 சென்ட். பெரியப்பா நோட்டில் எழுதிவிட்டுக் கைபேசியை எடுத்தார். பண்ணைக்காட்டுப் பக்கத் தோட்டத்தில் 30 சென்ட்தான். மங்களம்கொம்புப் பக்கம் ஒருவர், "மானி ஏது, வாளியில ரெண்டு விரக்கடை நின்னுச்சு" என்றார். முந்தின நாள் மழை என்று மாவட்டத்தின் பெயரில் ஒரே ஒரு செய்திதான் வந்தது. திண்டுக்கல் மாவட்டம் என்பது வெயில் காயும் நத்தமும்தான், 2,000 மீட்டருக்கு மேல் குளிரும் கொடைக்கானலும்தான். கொடைக்கானலில் அளந்ததுகூட, நெடுந்தூரம் கீழே இருக்கிற தாண்டிக்குடிக்குப் பொருந்தாது.

இதே மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், 1899-இல் சூரிய ஆய்வகம் அமைந்தது. சூரியனின் மாற்றங்களை அறிந்தால் பருவமழையின் போக்கும் பிடிபடும், பஞ்சத்தை முன்கூட்டியே உணரலாம் என்ற எதிர்பார்ப்பும் அதற்குப் பின்னால் இருந்தது. வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் சூரியப்புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டறிந்தது அங்கேதான். சூரியனை அவ்வளவு நுணுக்கமாக அளந்த மலையில், சரிவுக்கு ஒரு மழைமானி இல்லாதது எனக்கு மனசுக்குப் பொறுக்கவில்லை. பெரிய செலவு எதுவும் இல்லை: ஒரு புனல், ஒரு குவளை, தினமும் எட்டரைக்குப் பார்க்க ஓர் ஆள். ஒவ்வொரு மலைக்கிராமப் பள்ளியிலும் வைக்கலாம். தோட்டங்களின் தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய நோட்டுகளைப் படியெடுத்து வானிலைத் துறைக்குக் கொடுத்தால், எந்தக் காற்றுக்கு எந்தச் சரிவு நனையும் என்று அவர்களுக்கும் பிடி கிடைக்கும். கணினி தரும் கட்டம் எவ்வளவு சிறிதானாலும், அது சொன்னது சரியா என்று ஒத்துப்பார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டும்.

குட்டையும் குழாயும் வைத்திருக்கும் தோட்டம் குறை மழையை ஸ்பிரிங்ளரில் ஈடுகட்டிவிடும். இரண்டு ஏக்கர்க்காரர்களுக்குத்தான் அடி. அவர்கள் வானத்தையும் மானி வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்தையும்தான் பார்க்க வேண்டும்.

அன்று காலை எட்டரை தாண்டியதுமே அப்படி ஓர் அம்மா வந்துவிட்டார். தன் செடிகளைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவை இந்தச் சரிவில்தான் இருக்கின்றன. நாத்தனார் நிலம் பண்ணைக்காட்டுப் பக்கம், 30 சென்ட் விழுந்த இடம்.

"மொட்டு முழிச்சிருக்குமேண்ணே. மிச்சத்தைத் தண்ணி விட்டா எந்திரிச்சிருமா?"

"இன்னைக்கு நாளைக்குள்ள விட்டா எந்திரிக்கும். ஓடையில தண்ணி கிடக்கா?"

"கிடக்கு. குழாய்தான் இல்ல."

பெரியப்பா ஜீப்பில் ஸ்பிரிங்ளர் குழாய்களை ஏற்றச் சொன்னார். பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானல் சாலையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் நானும் அதில் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பும்போது அந்த அம்மா வேலிக்குள் கையைக் காட்டிக் கேட்டார்.

"அந்தச் சாமான் என்ன வெலைண்ணே? அவ வீட்டுப் பக்கத்துல ஒண்ணு வெச்சா அந்தக் காட்டுக்கெல்லாம் ஆகுமில்ல?"

"வாங்கித் தாரேன். தெனம் எட்டரைக்குப் பார்த்து எனக்குப் போன் போடச் சொல்லு" என்றார் பெரியப்பா.