ராமும் மதர்போர்டும்: ஒரு சின்ன ராமாயணம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை மக்களே. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி அப்படி. ஆனா இதை எழுதாம விட்டா சரிப்படாது. தில்லியில எனக்குத் தெரிஞ்ச தமிழ்க் குடும்பம் ஒவ்வொண்ணுலயும் ஒரு பிள்ளை கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு உண்ணாவிரதம் இருக்கு. அப்பாக்கள் எனக்குப் போன் போடறாங்க. 2025 டிசம்பர்ல என் பையனுக்கு 45,000 ரூபாய்க்குள்ள ஒண்ணைச் செஞ்சு முடிச்ச சேதி எப்படியோ பரவிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா இங்கேயே எழுதிடறேன்.

முதல்லயே டிஸ்கி: நான் அக்கவுண்ட்ஸ்காரன். ஹார்ட்வேர் என் தொழில் இல்லை. ஆனா ஒரு ரூபாய் எங்கே போகுது, ஏன் போகுதுன்னு பார்க்கிறது என் தொழில். அந்தக் கண்ணோட பார்த்ததைத்தான் சொல்றேன்.

பையன் பதினொண்ணாவது. "இந்த வருஷத்துல கேம் ஒரு கேடா"ன்னு தங்கமணி முதல் நாளே முட்டுக்கட்டை போட்டாங்க. அவங்களை மாத்தினது நான் இல்லை. நாங்க நாக்பூர், வதோதரா, தில்லின்னு மூட்டை கட்டிக்கிட்டே திரியற குடும்பம். வதோதராவுல இவன் கூடப் படிச்ச நாலு பசங்க சனிக்கிழமை ராத்திரி ஆன்லைன்ல ஒண்ணா சேர்ந்து ஆடறாங்க. ஆட்டத்தோட பேரெல்லாம் எனக்கு நினைவுல நிக்காது. ஆட்டம் பாதி, அரட்டை பாதி. இவன்கிட்ட இருந்த பழைய லேப்டாப் திக்கித் திணறினதால கொஞ்சம் கொஞ்சமா இவன் ஒதுங்கிட்டான். "ட்ரான்ஸ்ஃபர்னு சொல்லி அவன் சேக்காளிகளை நாமதானே பிரிச்சோம்"னு ஒரு நாள் தங்கமணியே சொன்னாங்க. அதுக்கப்புறம் பேச்சு ஏது. வார நாள்ல தொடக்கூடாதுங்கிற நிபந்தனையோட பட்ஜெட் பாஸ் ஆச்சு. 45,000-ல் 12,000 அவன் சொந்தக் காசு. தாத்தா பாட்டி பொங்கலுக்கும் பொறந்தநாளுக்கும் கொடுத்ததைச் சேர்த்து வச்சிருந்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு ரெண்டையும் முடிவு பண்ணிட்டு, மிச்சக் காசுல ஏதோ ஒரு போர்டு, ஏதோ ஒரு ராம்னு வாங்கறாங்க. ஆனா ராமும் போர்டும் ஜாதகம் பார்த்துச் சேர்க்க வேண்டிய ஜோடி. டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் 288 பின்தான், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். ஆனா நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும், ஒண்ணோட ஸ்லாட்டுல மத்தது உட்காராது. ஏஎம்டியில 2016-ல் வந்த ஏஎம்4 சாக்கெட்டுன்னா டிடிஆர்4 மட்டும். 2022-ல் வந்த ஏஎம்5-ன்னா டிடிஆர்5 மட்டும். இன்டெல்லோட எல்ஜிஏ1700 இருக்கே, அது கொஞ்சம் வில்லங்கம். ப்ராசஸர் ரெண்டையும் ஏத்துக்கும், ஆனா போர்டு ஏதாவது ஒண்ணைத்தான் ஏத்துக்கும். பி760-ன்னு ஒரே பேர்ல ரெண்டு வகையும் கடையில இருக்கும். அட்டைப்பெட்டியில டி4-ன்னோ டிடிஆர்4-ன்னோ போட்டிருக்கான்னு கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க.

நாங்க வாங்கப் போன நேரம் இருக்கே, அது ராகு காலம். 2025 கடைசியில மெமரி விலை தலைதெறிக்க ஏறிச்சு. உலகத்துல மெமரி சிப் செய்யறதுல பெரிய கைகள் மூணு: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு வேண்டிய மெமரியில லாபம் அதிகம்னு உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க. க்ரூஷியல்ங்கிற பேர்ல நம்மள மாதிரி சில்லறை ஆளுங்களுக்கு விக்கிற வியாபாரத்தையே மூடப்போறதா 2025 டிசம்பர்ல மைக்ரான் அறிவிச்சுது. டிடிஆர்4-உம் தப்பலை. பழசாச்சுன்னு உற்பத்தியைக் குறைச்சதுல அதுவும் ஏறிச்சு. எங்களுக்கு முதல்ல வந்த கொட்டேஷன்ல 16 ஜிபி டிடிஆர்5 விலை, ப்ராசஸர் விலையோட தோளுக்கு மேல நின்னுச்சு.

அப்பதான் பரண் மேல இருந்த பழைய பெட்டி ஞாபகம் வந்தது. 2021-ல் வீட்டுல இருந்து வேலை பார்த்தப்ப வாங்கினது. ஐ3-10100 ப்ராசஸர். 2024 மழைக்காலத்துல போர்டு மண்டையைப் போட்டுடுச்சு. நாலு கோர் ப்ராசஸருக்காக மறுபடி ஒரு பழைய ரகப் போர்டைத் தேடி வாங்கறது வீண்னு தூக்கி வச்சிருந்தேன். திறந்து பார்த்தா உள்ளே 8 ஜிபி ஸ்டிக் ரெண்டு, டிடிஆர்4, 3200, சிஎல்16. எஸ்எஸ்டி, கேபினெட், மானிட்டரும் நல்லா இருந்தது. இதுல ஒரு வேடிக்கை உண்டு. ஐ3-10100-க்கு மெமரி வேகம் 2666 வரைக்கும்தான். 3200-ல் ஓடப் பொறந்த ஸ்டிக்குகள் அத்தனை வருஷமும் மூணாவது கியர்லயே ஓடியிருக்கு.

பொத்தான் கிடைச்சதுன்னு சட்டை தைச்ச கதைன்னு நீங்க சிரிக்கலாம். ஆனா பொத்தான் சட்டை விலைக்கு விக்கும்போது அதுதான் சரியான கணக்கு. மெமரி கையில இருந்தா, போர்டைத் தீர்மானிக்க வேண்டியது மெமரிதான்.

அப்படியும் நான் உடனே ஒத்துக்கலை. எக்செல்ல ரெண்டு பத்தி போட்டேன். ஒரு பக்கம் ஏஎம்5: 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் இந்த சாக்கெட்டை ஆதரிப்போம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. இப்ப சின்ன ப்ராசஸர், அப்புறம் பெருசு. ஆனா மெமரிக்கே காசு கரைஞ்சு கிராபிக்ஸ் கார்டு மட்டமாயிடும். இன்னொரு பக்கம் ஏஎம்4: ரைசன் 5 5600, ஆறு கோர், 2022-ல் வந்தது. மெமரி செலவு பூஜ்யம். 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டு பட்ஜெட்டுக்குள்ள வரும். ஆனா சாக்கெட் ரிடையர்மென்ட் வயசுல இருக்கு. நான் ஏஎம்5 பக்கம். "இப்போதைக்குக் கார்டைச் சின்னதா வாங்கு தம்பி, அப்புறம் ஏத்திக்கலாம்"னு சொன்னேன்.

பையன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தான். "அப்பா, நான் இன்னும் ஒன்றரை வருஷம்தான் இந்த வீட்டுல இருப்பேன். அப்புறம் காலேஜ், ஹாஸ்டல். நீங்க சொல்ற 'அப்புறம்' யாருக்கு?"

எனக்குப் பதில் வரலை. எங்க வீட்டுல எல்லாமே "அப்புறம்"தான். நாக்பூர்ல ட்ரான்ஸ்ஃபர் வரும்னு கட்டில் வாங்கலை. வதோதராவுல ஊஞ்சல் மாட்டலை. திருநெல்வேலிக்குப் பக்கத்துல மனை வாங்கிப் போட்டிருக்கோம், ரிடையர் ஆனதும் வீடு கட்ட. இப்படி வாழறவங்களுக்கு அது தப்பும் இல்லை. ஆனா அவனுக்கு வேண்டியது அந்த நாலு பசங்களோட இன்னும் ஒன்றரை வருஷச் சனிக்கிழமைகள். ரெண்டு பேர் கணக்கும் சரிதான், வருஷம்தான் வேற. காசுல கால்வாசி அவனோடது, ஆடப்போறதும் அவன். ஏஎம்4-னு முடிவாச்சு.

அடுத்தது போர்டு. ஏ520, பி450, பி550-ன்னு மூணு படி. பளபளக்கிற லைட்டுக்குக் காசு கொடுக்காதீங்க. நாங்க பி550 எடுத்ததுக்குக் காரணம் மூணு. ஒண்ணு, நாலு மெமரி ஸ்லாட். விலை இறங்கும்போது பழசைக் கழட்டாம இன்னும் ரெண்டு 8 ஜிபி சேர்க்கலாம். (வேற வேற ஜோடி சேர்ந்தா வேகம் கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம், அது தெரிஞ்சுதான்.) ரெண்டு, கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 4.0. ஏ520, பி450-ல் 3.0தான். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன்ல ஓடற கார்டு, அதுக்கு ஓரளவு வித்தியாசம். நாலே லேன் இருக்கிற ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டுன்னா இது ரொம்பவே முக்கியம். மூணு, ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற பாகத்து மேல சூடு தணிக்க ஒரு உலோக வில்லை. தில்லி மே மாசத்தை அனுபவிச்சவங்களுக்கு விளக்க வேண்டாம்.

நேரு ப்ளேஸ்ல பேரம் பேசினது பையன். என் இந்திக்கு ஆட்டோக்காரரே ஐம்பது ரூபாய் கூடக் கேப்பார். கடைக்காரர் ரெண்டு ஸ்லாட் போர்டைக் காட்டி "யே பெஸ்ட் ஹை பேட்டா"ங்கிறார். இவன் "நஹி அங்கிள், சார் ஸ்லாட் வாலா திகாயியே"ன்னு அசரவே இல்லை. 400 ரூபாய் குறைச்சான். பயாஸ் ரைசன் 5000-க்குத் தயாரா இருக்கான்னும் கேட்டு வாங்கினான். பழைய ஸ்டாக்னா ப்ராசஸரை அடையாளம் தெரியாம திரை கறுப்பாவே நிக்கும். நான் செஞ்ச ஒரே வேலை, ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்கினது. நாளைக்கு வேற ஊருக்குப் போனாலும் வாரண்டி கேக்க அந்தக் காகிதம் வேணும். ட்ரான்ஸ்ஃபர் ஜாதிக்கு அதுதான் ரேஷன் கார்டு.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம். பழைய ராமோட தங்கப் பட்டையை அழிரப்பரால மெல்லத் துடைச்சோம். நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ஸ்டிக்னா பெரும்பாலும் ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பக்கத்துப் பக்கத்துல மாட்டினா டூயல் சேனல் வராம போகலாம். ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபின்னா ரெண்டுக்கு 51.2. அதனாலதான் 16 ஜிபி ஒரே ஸ்டிக்கை விட ரெண்டு எட்டு நல்லது. அப்புறம் பயாஸ்ல எக்ஸ்எம்பி. சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும். அதைப் போடலைன்னா 3200 ஸ்டிக் 2133, 2400-ன்னு நடைபோடும். கடைசியா பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டோம். காலையில பார்த்தா பிழை பூஜ்யம். டாஸ்க் மேனேஜர்ல 3200-ன்னு காட்டினப்ப, பையனை விட எனக்குத்தான் சந்தோஷம்.

புதுசா மெமரி வாங்கறவங்களுக்கு ஒரு கணக்கு: சிஎல் நம்பரை 2000-ஆல பெருக்கி வேகத்தால வகுங்க. 3200 சிஎல்16-ன்னா 10 நானோசெகண்ட். டிடிஆர்5 6000 சிஎல்30-ம் அதே 10. டிடிஆர்5 5200 சிஎல்40-ன்னா 15-க்கு மேல. புதுசுங்கிறதாலேயே எல்லாத்துலயும் வேகம்னு இல்லை. டிடிஆர்5-ஓட பலம் ஒரே நேரத்துல நிறைய அள்ளிக் கொடுக்கிறதுல. டிடிஆர்5 மாட்டினா முதல் தடவை திரை சில நிமிஷம் கறுப்பா இருக்கலாம். மெமரியைப் பழக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், பதறி ஆஃப் பண்ணாதீங்க.

ஆக, வீட்டுல நல்ல டிடிஆர்4 டெஸ்க்டாப் ராம் கிடந்தா (லேப்டாப் ராம் சின்னது, சேராது) அதுக்கேத்த போர்டைத் தேடுங்க. எதுவுமே இல்லை, நாலஞ்சு வருஷம் பெட்டி உங்க வீட்டுலயேதான் இருக்கும்னா ஏஎம்5 பாருங்க. கடைக்குப் போற அன்னிக்கு விலை என்னன்னு கேட்டுட்டு, கிராபிக்ஸ் கார்டு காசை மெமரி தின்னுடாம பார்த்துக்குங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, எத்தனை வருஷத்துக்குன்னு பிள்ளையைக் கேளுங்க.

இப்ப சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ரூம்ல இருந்து குஜராத்தியும் இந்தியும் கலந்து ஒரே கூச்சல். ஹாஸ்டல் போறப்ப என்ன பண்ணுவேன்னு கேட்டா, "அம்மா சீரியல் பார்க்கட்டும், கார்டை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போறேன்"ங்கிறான். தங்கமணி இப்பவே ஸ்பீக்கர் விலை விசாரிக்கிறாங்க.