கடல் வரை போன வண்டி

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது என்றால் என் பேத்தி நம்பமாட்டேன் என்கிறாள். 1926இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை. சுமார் 30 கிலோமீட்டர்தான். டவுன் ஸ்டேஷன், மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஒவ்வொரு ஊராக நின்று, ஆளை ஏற்றி இறக்கி, கடைசியில் தரங்கம்பாடியில் போய் ஓய்ந்து நிற்கும். அதற்கு அப்பால் கடல்தான். எங்கள் தேனிலவு அந்த வண்டியில்தான் நடந்தது.

தேனிலவு என்ற சொல்லையெல்லாம் அப்போது வீட்டில் சத்தமாகச் சொல்ல முடியாது. 1983 தையில் கல்யாணம். கொடைக்கானல் போகலாம் என்று அவர் நிச்சயத்தின்போதே ரகசியமாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். இருந்த லீவெல்லாம் கல்யாண அலைச்சலிலேயே தீர்ந்துபோனது. பந்தலைப் பிரித்த பிறகும் சொந்தக்காரர்கள் கிளம்பவில்லை. கூடத்தில் பாய் விரித்தால் நடக்க இடமிருக்காது. புருஷனோடு நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் கிணற்றடியில் தண்ணீர் சேந்தும்போதுதான். அங்கேயும் யாராவது செம்போடு வந்து நிற்பார்கள்.

ஒரு சனிக்கிழமை, மெட்ராஸ் திரும்பும் சித்தப்பாவை வண்டியேற்றிவிட ஜங்ஷனுக்குப் போனோம். ஊர்ப்பெயர் மயிலாடுதுறை என்று மாறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. யார் வாயிலும் வரவில்லை. சித்தப்பாவின் வண்டி போன பிறகு பார்த்தால், ஓரத்து மேடையில் தரங்கம்பாடி வண்டி புகை விட்டுக்கொண்டு நிற்கிறது. "நீ கடல் பார்த்திருக்கியா?" என்று கேட்டார். பக்கத்துப் பூம்புகாருக்கே போனதில்லை நான். "வா" என்றார். டிக்கெட் எடுக்க ஓடியவர் பின்னால் நானும் ஓடினேன். கையில் ஒரு பர்ஸ், அதில் பத்து ரூபாய்த் தாள்கள் சில, ஒரு கைக்குட்டை. மாற்றுப் புடவைகூடக் கிடையாது.

வெளியே சம்பா அறுப்பு. களத்துக் களம் வைக்கோல் போர். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். அதைத் துடைத்துவிடுகிற சாக்கில் அவர் என் முகத்தைத் தொட்டது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எதிர் பெஞ்சில் ஒரு வயதான ஜோடி. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்களாம். பேரப்பிள்ளைகள், மாலைக்கூடை, பாத்திரம் பண்டம் என்று பெட்டியை நிறைத்திருந்தார்கள். அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தார், மஞ்சள் கயிற்றின் ஈரம்கூடப் போகவில்லை. "புதுசா?" என்றார். தலையாட்டினேன். "எங்களுக்கும் நாளைக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டுக்காரருக்கு வெட்கம் வந்துவிட்டது.

தில்லையாடியில் வண்டி நின்றபோது என் வாத்தியார் பாடத்தை ஆரம்பித்தார். வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், பூர்வீகம் இந்த ஊர். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று 1913இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு தீர்ப்பு வந்தது. காந்தியின் போராட்டத்தில் பெண்கள் திரண்டு வந்ததற்கு அதுவும் காரணம். அப்படிச் சிறைக்குப் போன வள்ளியம்மை அங்கே பிடித்த காய்ச்சலிலேயே 1914 பிப்ரவரியில் இறந்துபோனாள். வயது 16. "அந்தக் கணக்குப்படி நம்ம கல்யாணமும் செல்லாது" என்றார். புதுமனைவியிடம் பேசுகிற பேச்சா இது என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால் அவருக்கு அதைவிட நன்றாகப் பேசத் தெரிந்திருக்காது.

தரங்கம்பாடியில் அந்நாளில் பார்ப்பதற்கென்று யாரும் வருவதில்லை. நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் பூட்டிய பெரிய வீடுகள். வெறும் மணல். மணலுக்கு நடுவே கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் கேட்டு வாங்கி 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845இல் அவர்கள் ஊரையே வெள்ளைக்காரக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சற்றுத் தள்ளி மாசிலாமணி நாதர் கோயில். முன்பாதியைக் கடல் தின்றுவிட்டது. மீதிச் சுவரில் அலை வந்து மோதுவதைப் பார்த்தபடி நின்றேன். முதன்முதலாகக் கடல் பார்க்கிறவளுக்கு அது கொஞ்சம் பயம்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பார்க்க யாருமில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

புது எருசலேம் கோயிலில் சீகன்பால்குவின் கல்லறையைக் காட்டினார். 1706இல் வந்தவர், தமிழில் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர் என்று எனக்கும் தெரியும். ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து 1716இல் மனைவியோடு இதே தரங்கம்பாடிக்குத் திரும்பினார் என்பது அன்றுதான் தெரிந்தது. இங்கே மூன்று வருஷம்கூடச் சேர்ந்து வாழவில்லை, 1719இல் போய்விட்டார், வயது 36. அந்தப் பெண் கப்பலில் எத்தனை மாதம் வந்திருப்பாள், இறங்கியதும் இந்த வெயிலைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள் என்று கேட்டேன். "புஸ்தகத்துல அதெல்லாம் இல்ல" என்றார் வாத்தியார்.

பேசிப் பேசிக் கடைசி வண்டியை விட்டோம். பொறையாறு கடைத்தெருவில் ஒரு விடுதி இருந்தது. மூட்டை முடிச்சு இல்லாமல் வந்து நிற்கிற ஆணையும் பெண்ணையும் பார்த்து விடுதிக்காரர் முகம் மாறியது. "எந்த ஊரு, என்ன உறவு?" அவர் பதில் சொல்வதற்குள் நான் மருதாணிக் கையால் மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டேன். விடுதிக்காரர் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். அவருடைய போனிலேயே டிரங்க் கால் போட்டு, எங்கள் தெரு நெல் மண்டிக்குத் தகவல் சொன்னோம். தரங்கம்பாடி வந்தோம், வண்டி தப்பிவிட்டது, காலையில் வருகிறோம் என்றெல்லாம் அவர் கத்தினார். மண்டிப் பையன் வீட்டில் போய்ச் சொன்னது, "அவங்க வர மாட்டாங்களாம்." அவ்வளவுதான்.

இரவு நெத்திலி வறுவலும் சாம்பார் சாதமும் சாப்பிட்டோம். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றிக் குதிரையில் போயிருக்கலாம், போட்டோ எடுத்திருக்கலாம். அன்றைய நாளுக்கு எங்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. மறுநாள் கசங்கிய புடவையோடு வீடு திரும்பியபோது அத்தை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். திட்டப்போகிறார் என்று ஒடுங்கி நின்றேன். "சொல்லிட்டுப் போயிருந்தா துணைக்கு நானும் வந்திருப்பேன்ல?" என்றார். அவரும் அதுவரை தரங்கம்பாடி பார்த்ததில்லையாம்.

1986இல் வண்டியை நிறுத்திவிட்டார்கள். நஷ்டம் என்றார்கள். பஸ் வேகமாகப் போகும்போது ரயில் எதற்கு என்றும் சொன்னார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்த பிறகு வயல்களுக்கு நடுவே அந்த மேடு மட்டும் சில இடங்களில் தெரிந்தது. நாங்கள் பிறகு சென்னைக்குக் குடிபோய்விட்டோம். ஊட்டி, மூணாறு, ஒருமுறை சிங்கப்பூர் என்று பிள்ளைகள் தயவில் போகாத இடமில்லை. எல்லாம் ரிசர்வேஷன், பட்டியல், பெட்டி. நல்ல பயணங்கள்தான். ஆனாலும் எவரையோ வழியனுப்பப் போன இடத்திலிருந்து அப்படியே ஏறிப் போவதற்கு ஒரு வண்டியும், அது போய் நிற்க ஒரு கடலும் வீட்டருகே இருந்ததே, அதற்குத்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

2016இல் எங்களுக்கும் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. காரில் போனோம். சாயங்காலம் பிள்ளைகள் தரங்கம்பாடியில் கடற்கரையை ஒட்டி அறை எடுத்திருந்தார்கள். அன்று காலைதான் இரண்டாம் முறை தாலி கட்டியிருந்தார். ஆனால் வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு ஆதார் அட்டைதான் வேண்டியிருந்தது. கோட்டையைச் சீர்படுத்தியிருந்தார்கள், வீதியில் கல் பாவியிருந்தார்கள். வலை பின்னிய அந்தப் பெரியவரின் ஆட்கள் இருந்த குப்பங்களில் 2004 சுனாமி எத்தனையோ வீடுகளைக் கொண்டுபோயிருந்தது. பேத்தி, "தாத்தா, ரயில் எங்க நிக்கும்?" என்று கேட்க, அவர் கையை நீட்டினார். சரியான இடம் அவருக்கே பிடிபடவில்லை.

அருகிலேயே பேரளம்–காரைக்கால் பாதையும் எண்பதுகளில் இதேபோல் மூடப்பட்டதுதான். அதை அகலப் பாதையாக மறுபடி போட்டுவிட்டார்கள். மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையும் வேண்டும் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திருக்கடையூருக்கு வரும் கூட்டத்தை ஒருநாள் நின்று பார்த்தாலே நஷ்டக் கணக்கைத் திருத்தி எழுதலாம். ரயில்வேக்காரர்கள் அந்த வண்டியைத் திரும்ப விட வேண்டும். வேகமாகக்கூட ஓட வேண்டாம்.