தஃப்தரில் எழுதிய பன்னிரண்டு கிராம்



சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவி ஒருவர் இப்பொழுது வேலூரில் ஆங்கில இலக்கியம் பயில்கிறார். சென்ற விடுமுறையில் பாகாயத்திலுள்ள நமது இல்லத்திற்கு வந்தவர், செங்கல் கனத்தில் ஒரு நூலைக் கொண்டுவந்து வைத்தார். "ஹஜ்ரத், இது எங்கள் பாடநூல். எல்லாம் கல்யாணக் கதைதான். படிக்கலாமா?" என்று வினவினார். பாடநூலுக்கு அனுமதி எதற்கு என்று நாம் வியந்தோம். நம்மைப் படிக்க வைப்பதற்காகவே அவர் கேட்டார் என்பது பின்னர்தான் விளங்கியது.

நூலின் பெயர் மிடில்மார்ச். 1871 டிசம்பர் தொடங்கி ஓராண்டுக் காலம் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் எழுதியவர் மேரி ஆன் எவன்ஸ் என்னும் பெண்மணி. மணமாகாமலேயே ஒருவருடன் குடும்பம் நடத்தியவர்; தம் சமயத்தின் மீதிருந்த நம்பிக்கையையும் இழந்தவர். நமது மார்க்கம் ஏற்கும் வாழ்வன்று அது. அதை மறைத்து எழுதுவதும் நேர்மையன்று. எனினும், ஓர் இல்லம் எவ்வாறு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்பதை அவர் கண்டதுபோல் கண்டவர் சிலரே. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, நாளொன்றுக்குப் பத்துப் பக்கமாகப் படித்தோம்.

மிடில்மார்ச் என்பது இலண்டனுக்குத் தொலைவிலுள்ள ஒரு கற்பனைச் சிற்றூர். தொழிலதிபர்கள், வங்கியாளர், மருத்துவர்கள், பாதிரியார்கள் என அனைவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எவர் வீட்டில் பெண் கேட்டார்கள், எவர் தொழிலில் நட்டம் என்பது மாலைக்குள் ஊர் முழுதும் பரவிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களில் உறவுடையோருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அவ்வூருக்கு லிட்கேட் என்ற இளம் மருத்துவர் வருகிறார். பாரிஸில் பயின்றவர். புதிய காய்ச்சல் மருத்துவமனையை நடத்தவும் மருத்துவத்தைச் சீர்திருத்தவும் கனவு காண்கிறார். மருத்துவக் கல்லூரிக்கு அருகில் வசிக்கும் நமக்கு அவர் மீது முதலிலேயே பரிவு உண்டாயிற்று. ஊர் மேயரும் தொழிலதிபருமான வின்சியின் மகள் ரோசமண்டை அவர் மணக்கிறார். புது வீடு, உயர்ந்த மரச்சாமான்கள், வெள்ளிப் பாத்திரங்கள், எல்லாம் கடனுக்கு. மாமனார் வீட்டிலிருந்தும் எதுவும் வரவில்லை. அங்கும் வெளித்தோற்றம் மட்டுமே செழிப்பு. கடன்காரர் வாசலுக்கு வந்த பின்னரே மனைவியிடம் கணக்கைச் சொல்கிறார். வீட்டை வேறொருவருக்கு விட்டுவிடலாம் என்று அவர் செய்த ஏற்பாட்டை மனைவி அவர் அறியாமலே தடுத்து விடுகிறார். இறுதியில் வங்கியாளரிடம் ஆயிரம் பவுண்டு வாங்கியது பெரும் பழியில் முடிகிறது. ஊரைவிட்டுச் சென்று, செல்வந்தரின் மருத்துவராகி, ஐம்பது வயதில் மறைகிறார்.

இருவரும் தீயவர்கள் அல்லர். திருமணத்திற்கு முன் ஒருவர் கையிருப்பை மற்றவர் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே.

மாணவி மற்றொரு செய்தியையும் சொன்னார். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணின் ரொக்கம், நகை, சம்பாத்தியம் யாவும் கணவனுக்கு உரியனவாகிவிடும். செல்வக் குடும்பங்கள் தனிப் பத்திரம் எழுதித் தப்பித்துக்கொண்டன. 1870இல்தான் அவள் தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. சொத்துரிமை 1882ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

இதைக் கேட்டதும் நமது உள்ளம் பூரித்தது. மஹரும் வாரிசுரிமையும் பெண்ணுக்கே சொந்தம் என்று இஸ்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டதல்லவா! அவ்வாரப் பெண்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் இதையே பேசினோம்.

வகுப்பு முடிந்ததும் நமது துணைவியார் ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவின்போது லிட்கேட்டின் கதையை மட்டும் மீண்டும் கேட்டார். பின்னர், "உங்கள் டாக்டர் வீட்டில் ஓர் அஸ்கரீ இல்லாமல் போய்விட்டாள்" என்றார்.

அவர் ஆம்பூரில் உருது பேசும் இல்லத்தில் பிறந்தவர். அவருடைய நானி, டிப்டி நஸீர் அஹ்மதின் மிர்ஆத்துல் அரூஸ் கதையைச் சொல்லிச் சொல்லியே பேத்திகளை வளர்த்தாராம். மணமகளின் கண்ணாடி என்பது அப்பெயரின் பொருள். நஸீர் அஹ்மத் தம் மகளின் வாசிப்புக்காக எழுதிய இந்நூல் 1869இல் வெளிவந்தது. மிடில்மார்ச்சுக்கு ஈராண்டு மூத்தது. அரசாங்கம் ஆயிரம் ரூபாய் பரிசளித்தது. தில்லியைச் சேர்ந்த அக்பரீ, அஸ்கரீ என்ற சகோதரியர் இருவர், அண்ணன் தம்பியரை மணக்கின்றனர். மூத்தவள் தனிக்குடித்தனம் கேட்டுப் போய், ஹஜ் செய்தவளாக நடித்த ஒரு மோசக்காரியிடம் நகைகளை இழக்கிறாள். இளையவளோ, அஸ்மத் என்ற பணிப்பெண் கடைகளில் செய்துவந்த திருட்டுக் கணக்கைப் பிடித்து, புகுந்த வீட்டைக் கடனிலிருந்து மீட்கிறாள். அஸ்கரீயைக் குறையே இல்லாதவளாக ஆசிரியர் வடித்திருப்பது நமக்குச் சற்று அலுப்பையே தந்தது. அக்பரீயிடம்தான் உயிர் இருக்கிறது. ஆனால் துணைவியார் அஸ்கரீயின் கட்சி.

"நம் வீட்டுக் கணக்கையும் ஒருநாள் பார்க்கலாமா?" என்று அவர் கேட்டார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் நமது நிக்காஹ் தஃப்தரில் மஹர் 12 கிராம் தங்கம் என எழுதப்பட்டது. பின்னர் தருவதாகக் குறிப்பு. முதல் இரவில், நண்பர்கள் சொல்லிக்கொடுத்தபடி, மன்னித்துவிடுமாறு கேட்டோம். அவர் "சரி" என்றார். விட்டுக்கொடுப்பது பெண்ணின் மனமுவந்த செயலாக இருக்க வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தைக் கொண்டு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். நம் வீட்டு "சரி" அத்தகையதுதானா என்று ஒருமுறையும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்பொழுது கேட்டோம்.

"உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. உங்கள் முகத்தையே நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை. சரி என்று சொல்லாமல் வேறென்ன சொல்லியிருப்பேன்?" என்றார்.

அத்தோடு நிறுத்தவில்லை. நமது மாமனார் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். கட்டில், பீரோ, மாப்பிள்ளை வீட்டாருக்கான விருந்து ஆகியவற்றிற்கு வாங்கிய கடனை அடைக்க அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. அதை அன்றிரவுதான் அறிந்தோம். நாம் எதையும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதையே பெருமையாக எண்ணியிருந்தோம்; வந்தவற்றைத் திருப்பி அனுப்பவும் இல்லை. அந்தப் பீரோவில்தான் நமது கிதாபுகள் இன்றும் இருக்கின்றன. மாமனார் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவரிடம் எதைச் சொல்வது?

மஹர் கடன் என்பதால் தருவதாக மறுநாள் சொன்னோம். "அன்று எழுதியது ரூபாய் அல்ல, கிராம். இன்றைய விலை தெரியுமா?" என்று துணைவியார் சிரித்தார். தெரிந்துகொண்டோம். மதரஸா சம்பளத்தில் ஒரே தவணையில் இயலாது. அரை கிராம், ஒரு கிராம் என்று வாங்கிக் கொடுத்துவருகிறோம். அவர் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதிக்கொள்கிறார். இதுவரை 3 கிராம் சேர்ந்திருக்கிறது.

மாணவி நூலைத் திரும்பக் கேட்டு வந்தார், துணைவியார் தரவில்லை. ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் அம்மாணவி வந்து அதைத் தமிழில் சொல்லிக் கேட்பிக்கிறார். டோரத்தியா என்ற இளம் விதவை, குறிப்பிட்ட ஒருவரை மறுமணம் செய்தால் தன் சொத்து அவளுக்கு இல்லை என்று கணவர் உயிலில் எழுதிவைத்த இடத்திற்கு வந்திருக்கிறார்கள். கதவுக்கு இப்பால் அமர்ந்து நாமும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.