இறக்கத்திலும் மிதிக்க வைக்கும் ஊர்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் நமக்கு, 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கோ அங்குள்ள காஸ்கேட்ஸ் மலைச்சரிவு!

டவுன்ஹில் பந்தயத்தில் சைக்கிள் தானாகவே இறங்கிவிடும், மிதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இங்கே அது நடக்காது. பாதையின் நடுவே சரிவு குறைந்து கிட்டத்தட்ட சமதளமாகிவிடுகிறது. மூச்சு முட்ட மிதித்தே ஆக வேண்டும்.

சிக்கல் அங்கேதான். பாறைகளைச் சமாளிக்க, டவுன்ஹில் சைக்கிளின் பின்சக்கரம் சுமார் 200 மில்லிமீட்டர் வரை மேலேறி இறங்கும்படி சஸ்பென்ஷன் இருக்கும். மிதிக்கும்போது அதுவே தொல்லை. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி பின்னால் அமுங்கி எழும். மெத்தை மேல் ஓடுவது மாதிரி!

இதற்குச் செயினையே துணைக்கு அழைக்கிறார்கள். பின்சக்கரம் மேலேறும்போது பெடல் அச்சிலிருந்து சற்று விலகும்படி அமைத்தால், மிதிக்கையில் இறுகும் செயின் வண்டியை அமுங்கவிடாமல் முட்டுக்கொடுக்கும். அளவு மிஞ்சினால் வேறு வம்பு: சக்கரம் பாறையில் ஏறும்போது செயின் பெடலைப் பின்னுக்கு இழுத்து, காலை உதைக்கும். கரடுமுரடான பாதைக்குக் கொஞ்சம் அமுங்கும் வண்டியே மேல் என்பது என் கட்சி. இந்த ஊருக்கு மட்டும் அது சரிப்படாது.

2013 உலக சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. முந்தைய ஆண்டின் சாம்பியனும் உள்ளூர்க்காரருமான கிரெக் மின்னார், கடைசிக் கட்டத்தில் பின் டயரில் காற்று இறங்கியும் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் அரை விநாடிகூட இல்லை.