தூரமும் நேரமும்

இரு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் யாது, அதைக் கடக்க எத்துணை நேரம் வேண்டும் என்பன பள்ளிச் சிறுவரும் விடையிறுக்கத்தக்க வினாக்களாம். ஆயினும், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே இவ்வினாவுக்கு எம் குடும்பத்தார் கண்ட விடைகள் பலவாதலின், அவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பூகோளப் படத்தை நோக்குவார்க்கு, சென்னை விமான நிலையம் வடக்கே 13 பாகையிலும், யாழ்ப்பாணத்துப் பலாலி ஏறக்குறைய 9.8 பாகையிலும், ஒரே தீர்க்கரேகையை ஒட்டி அமைந்திருத்தல் புலனாகும். பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டராகக் கணக்கிடின் இடைத்தூரம் சுமார் 355 கிலோமீட்டரே. மதுரைக்குச் செல்லும் சாலை இதனினும் நீண்டது. கடிகாரத்தையும் திருப்பவேண்டுவதில்லை, இரு கரையிலும் மணி ஒன்றே.

எம் பாட்டனார் 1930-களில் கல்வியின்பொருட்டுச் சென்னைக்கு வந்தபோது, மதவாச்சியில் வண்டி மாறித் தலைமன்னார் சேர்ந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் புகைவண்டியில் எழும்பூரை அடைந்தனர். அவ்வழியின் தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையினின்று காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் வந்த போர் அவ்வான்வழியையும் அடைத்தது. நாமோ கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு வந்தோம்.

2019 அக்டோபர் 17-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் செல்லும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு, வகுத்துப் பார்ப்பின் 43 நிமிடம் போதும். ஆயின் ஓடுபாதைக்கு ஊர்தல், மேலெழுதல், வேகந்தணிந்து இறங்குதல் ஆகியன சேர, ஒரு மணிக்குச் சற்று மேலாகும்.

யாழ்ப்பாணத்தில் தனித்து வாழ்ந்த எம் பெரிய தாயார் இச்செய்தி கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தார். "ஒரு மணித்தியாலந்தானே தம்பி, வந்து போவன்" என்று தொலைபேசியில் அழைத்தார். விடைத்தாள் திருத்தி முடியட்டும், கோடை விடுமுறைக்கு வருவோம் என்றோம். அருகில் உள்ளதைத் தள்ளிப்போடுதல் எளிதன்றோ! 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் விமானங்கள் நின்றன. 2021-இல் பெரிய தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையைக் கைப்பேசித் திரையிற் கண்டோம்.

2022 டிசம்பர் 12-இல் சேவை மீண்டும் தொடங்கியது. அடுத்த மாதமே சென்றோம். நிலையத்தில் காத்திருந்த மூன்று மணி நேரமும் பறந்த நேரத்தினும் நெடிது. வீட்டுச் சாவியைத் தந்த அயல்வீட்டு அம்மையார், ஒரு புதிய படுக்கைவிரிப்பையும் கொணர்ந்து தந்து, "நீங்கள் வருவீங்களெண்டு அக்கா வாங்கி வச்சவ" என்றார். மடிப்புக் கலையாத அதனை விரிக்க எமக்கு மனம் வரவில்லை.

மாணவர்காள்! தூரத்தைப் படத்திலும் நேரத்தை அட்டவணையிலும் அறியலாம். நம்மை எதிர்நோக்கியிருப்பார்க்கு எஞ்சிய நாளை அறிவிக்கும் அட்டவணை யாதுமில்லை. இவ்விடுமுறையில் உங்கள் முதியோரைச் சென்று காண்பீராக.