காற்றில் குளிரும் எஞ்சின்கள் ஓடட்டும்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்து விமான நிலையத்தில் இன்று ஜெட்கள் இறங்குகின்றன. அவற்றுக்கு வழி திறந்தவை காற்றில் குளிரும் சிறிய பிஸ்டன் எஞ்சின்கள். 1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த புஸ் மாத் விமானத்தில் இருந்தது நான்கு சிலிண்டர் ஜிப்சி எஞ்சின்; சுமார் 120 குதிரைசக்தி. 1935இல் டாடா சேவை திருவனந்தபுரத்தை எட்டியது. ரேடியேட்டர், தண்ணீர் பம்பு, குழாய் எதுவும் இல்லாததால் எடை குறைவு, ஒழுகும் கவலை இல்லை. மேக்னெட்டோ இருந்ததால் பற்றவைக்கப் பேட்டரியும் வேண்டாம். பெரிய பணிமனை இல்லாத ஊர்களுக்கு விமானம் வர இந்த எளிமை பெரிதும் உதவியது.

பின்பக்கச் சிலிண்டர் அதிகம் சூடாகும், அடிக்கடி பிரிக்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறைகள் கண்ணுக்குத் தெரிபவை, கைக்கு எட்டுபவை. மாணவருக்கு அவற்றைவிட நல்ல பாடம் ஏது? கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல், இந்த எஞ்சின்களில் சிலவற்றையாவது கல்லூரிகளில் ஓடவிட வேண்டும்.